நீ சொன்னதாகச் சொல்கிறார்கள்

என் அருமை மச்சான் கஜாவுக்கு,

நித்யாவுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. ஆனால் அவளுடைய அசல் சான்றிதழ்கள், இன்று வியாழக்கிழமை மாலை நிலவரப்படி, ஐ.டி.ஐ. அலுவலகத்து பீரோவில்தான் இருக்கின்றன. முதல் தகவல், கவுன்சிலிங் அலுவலகத்துப் பலகையில் ஒட்டிய பட்டியலில் நானே பார்த்தது. இரண்டாவது, அந்த பீரோவின் சாவியை வைத்திருக்கும் கிளார்க் எனக்கு நேரில் சொன்னது.

நீ எங்களை விட்டுப் போன மாசியில் என் மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியாது. வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கவுன்சிலிங்கில் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார வேண்டாமே என்று, அவள் கேட்டபடியே ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்த்தேன். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சேரும்போதே டி.சி., மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் பட்டியல் வந்தது. விழுப்புரம் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில் இடம். நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. ஐ.டி.ஐ.யிலிருந்து டி.சி.யைத் திரும்ப வாங்கினால், அங்கே காத்திருக்கிற ஒரு பையனுக்கு இவள் இடம் போய்விடும். இரண்டு பக்கமும் கால் வைக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை வெயிலில் அந்தப் பலகைக்கு முன்னால் முண்டியடித்து நின்றவன் நான். பெயரைப் பார்த்த பிறகும் கவுண்டருக்குப் போய் ஒருமுறை கேட்டேன். "ஒட்டினதப் பாத்துட்டுதான சார் வரீங்க, அப்புறம் என்னா?" என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று உன் அக்காவுக்குப் போன் செய்தேன். மல்லிகா முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"எந்தம்பி சொன்னது பலிச்சிடுச்சிங்க."

நான் என்ன சொல்லியிருந்தேன் என்று அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. யாரும் என்னைக் கேட்டதில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது கேசரி கிண்டியிருந்தாள். முதல் கரண்டி உன் படத்துக்கு முன்னால் போயிற்று. உனக்குக் கேசரி பிடிக்காது. வெங்காய பக்கோடாவைத்தான் தாள் எண்ணெயில் நனைய நனைய வாங்கித் தின்பாய். இனிப்புப் பிடிக்கிறவன் நான். எனக்கு இரண்டாவது கரண்டி வந்தது.

எதிர்வீட்டு லூர்து ஐயா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், உனக்குத் தெரியும். கேசரி வாசனைக்கு அவரும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "முசே, நான் சொல்றதக் கேளு. பிரான்சுல மெக்கானிசியேனுக்குத்தான் மரியாத. இஞ்சினியர் வந்தா வாசல்லயே நிக்கணும்" என்றார். உன் அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடியே, "அங்க வாசல்ல நிக்க வெப்பாங்க, இங்க மெக்கானிக் பொண்ண எவனும் வாசலுக்கே வந்து கேக்க மாட்டான்" என்றாள். ஐயா கேசரியில் கவனம் செலுத்தினார்.

அப்போதுதான் நித்யா வந்தாள். நீலச் சட்டை, காக்கி பேண்ட். ஐ.டி.ஐ.யில் பெண்ணுக்குச் சீருடை என்ன என்று யாருக்கும் தெரியாததால் பையன்களுக்கு உள்ளதையே தைத்துக்கொண்டாள். சீட் கிடைத்த செய்தியைச் சொன்னேன். அவள் பையை இறக்கி வைத்தாள். சிரிக்கவில்லை.

"நான் போகணுமாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "போகணுமாவா? எந்தம்பி எங்கிட்ட என்னா சொன்னான் தெரியுமாடி? 'அக்கா, எங்கையில இருக்கற கருப்பு அவ கையில ஏறக் கூடாது, அவள இன்ஜினியர் ஆக்கிடு'ன்னான். இதே எடத்துல நின்னு சொன்னான்."

"மாமா எங்கிட்ட அப்படிச் சொல்லல. 'நீ படிச்சி முடிச்சிட்டு வந்துடு, கடை போர்டுல உம்பேரையும் எழுதிடறேன்'னாரு."

"வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்."

"உங்கிட்ட சொன்னதுதான் வெளையாட்டு."

எனக்கு நிருபர் புத்தி வந்துவிட்டது. எப்போது சொன்னான், எங்கே சொன்னான், பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று இரண்டு பேரையும் கேட்டேன். உன் அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்க என்னா பிரஸ் மீட்டா நடக்குது?"

அன்றிரவு சாப்பாடு முடியும் வரை உன் வார்த்தையும் உன் வார்த்தையும்தான் மோதிக்கொண்டன. அப்பன் என்று ஒருவன் அதே பாயில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு. போனவர்களுக்கு எழுதும் கடிதத்தில் இப்படி எழுதுவது வழக்கமில்லைதான். ஆனால் வேறு எதை எழுதினாலும் அது சரியான தகவலாக இருக்காது.

அது தொடங்கிய இடமும் எனக்குத் தெரியும். மயிலம் கோயிலில் நித்யாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடிதான் வழக்கம் என்பதால் உன் மடியில் உட்கார்ந்தாள். குத்தும்போது வீறிட்டு அழுதாள். ஆசாரி கையை எடுத்ததும் நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் திரும்பி உன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கம் அந்த மடியோடு முடிந்துவிட வேண்டும் இல்லையா? அதற்கப்புறமும் நீ ஏன் அவளை இறக்கிவிடவில்லை? அன்றைக்கு எடுத்த போட்டோவில் நீ இருக்கிறாய், அவள் இருக்கிறாள், உன் அக்கா இருக்கிறாள். எடுத்தவன் நான்.

நெல்லித்தோப்பில் நீ பம்ப் கடை போட்டாய். பஸ், டிராக்டர், மீன்பிடிப் படகு, எல்லாவற்றின் டீசல் பம்பும் நாசிலும் உன்னிடம்தான் வந்தன. லீவு விட்டால் நித்யாவும் அங்கேதான். நாசிலை மாட்டி லிவரை அழுத்தினால் டீசல் புகையாகப் பீய்ச்சும். அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருப்பதாக வீட்டில் வந்து சொல்வாள். என் அலுவலகத்துக்கு ஒரே ஒருமுறை கூட்டிப்போனேன். மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்தாள். "எல்லாரும் ஏம்ப்பா போன்லயே பேசறாங்க?" என்றாள். மறுபடி வரவில்லை.

இத்தனை வருஷமாகச் சட்டசபைக்குப் போய்வருகிறேன். பல முதலமைச்சர்களிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒருநாள் வாசலில் ஓர் அமைச்சரின் டிரைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எதையோ படித்துவிட்டுப் பாராட்ட வருகிறார் என்று நின்றேன். "நீங்க பம்ப் கஜா அண்ணனோட மாமாதான?" என்று சிரித்தார். உள்ளே இருந்த அமைச்சருக்கு என் பெயர் தெரியாது. அவர் டிரைவருக்கு உன் பெயர் தெரிந்திருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ சிரித்திருப்பாய்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே ஆளின் பேச்சு இரண்டு விதமாக வந்தால் மூன்றாவது ஆளைத் தேடுவது எங்கள் வழக்கம். புதன்கிழமை காலை முதலில் அந்தக் கல்லூரிக்குப் போனேன். புதிய கட்டடம். பட்டறையில் எந்திரங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு நின்றன. துறைத் தலைவர் மரியாதையாகப் பேசினார். படித்து முடித்தால் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "மெக்கானிக்கலா இருந்தாலும் சாப்ட்வேர் கம்பெனிங்க எடுத்துக்கறாங்க சார், கவலையே வேணாம்" என்றார். எனக்குக் கவலை குறைந்ததா கூடியதா என்று அங்கிருந்து திரும்பும்போது சொல்ல முடியவில்லை.

அங்கிருந்து நேராக உன் கடைக்கு.

நீ போன பிறகு நம் ஊரின் பெயர் சட்டப்படி புதுச்சேரி ஆகிவிட்டது. உன் கடைப் பலகையில் இன்னும் பாண்டி என்றுதான் இருக்கிறது. கடையை இப்போது நடத்துவது உன் கூட்டாளி பஷீர் பாய். கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார்.

"பாய், நித்யா விஷயமா கஜா உங்ககிட்ட எதாவது சொன்னானா? இன்ஜினியரிங் படிக்கணும்னோ, கடைக்கு வரணும்னோ?"

பாய் சிரிக்க ஆரம்பித்தார். "எல்லார்கிட்டயும் சொல்லுவான் சார் அவன். கேக்க வந்தவங்க எதக் கேக்கணும்னு வந்தாங்களோ அதச் சொல்லி அனுப்புவான். டிரைவரு வந்து 'ஓனரு கஞ்சன்'னா 'ஆமாம்பா'ம்பான். அந்த ஓனரே வந்து 'டிரைவரு டீசல் திருடறான்'னா அதுக்கும் 'ஆமாங்க'ம்பான். ரெண்டு பேரும் வேற கடைக்குப் போவ மாட்டாங்க."

உன்னைப் பற்றி அவ்வளவு துல்லியமான செய்தியை நான் எழுதியதில்லை. உன் அக்கா கேட்க விரும்பியதை அவளிடம் சொன்னாய். என் மகள் கேட்க விரும்பியதை அவளிடம் சொன்னாய். இரண்டு பேரும் உன்னை நல்லவன் என்கிறார்கள். ஊரில் உள்ளதை உள்ளபடி எழுதி நான் சேர்த்துக்கொண்டது என்ன? வக்கீல் நோட்டீஸும், கல்யாணப் பந்தியில் இரண்டு பக்கமும் காலி நாற்காலியும்.

"உங்ககிட்ட என்னா சொன்னான்?" என்றேன்.

"எங்கிட்டயா?" பாய் டீயை ஆற்றினார். "சொன்னா நீங்க கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"'பாய், முடிவு மாமாவோடது. நான் வாயத் தொறந்தா அவருக்கு வயிறு எரியும். இப்பவே எரிஞ்சிகினுதான் இருக்குது'ன்னான்."

"எப்ப சொன்னான்?"

"எப்பன்னா? அடிக்கடி சொல்லுவான் சார். 'எம்மாம் பெரிய ரிப்போர்ட்டரு, போயும் போயும் எம்மேல போயி'ன்னு சிரிப்பான். தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டான், பாசமாத்தான்."

நான் டீயைக் குடித்தேன். அடிக்கடி என்றால், கடையில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்த அமைச்சரின் டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தது அதற்காகத்தானா? என் பொறாமையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செய்தியை முதலில் வெளியிட்டவனும் நீயாக இருக்கிறாய்.

பாய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அதனாலதான் சார், நீங்க வர நேரமாச்சின்னா அந்தப் பொண்ண லிவர வுட்டு எழுந்துக்கச் சொல்லுவான். 'அப்பா வண்டி சத்தம் கேக்குது, புஸ்தகத்த எடு'ம்பான். அதுவும் ஓடிப்போயி மூலையில ஒக்காந்துக்கும். நீங்க வந்து, 'என்னா, படிக்கிறியா'ம்பீங்க. நீங்க போனப்புறம் நாங்க சிரிப்போம்."

எனக்கு அந்தக் காட்சி நினைவிருக்கிறது. பல சாயங்காலங்கள். டீசல் நெடிக்கு நடுவே மூலையில் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் பெருமையாகச் சொல்வேன், எங்கே இருந்தாலும் படிக்கிறாள் பார் என்று. அமைச்சர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்துப் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்து எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நெல்லித்தோப்பில் எனக்கே வெள்ளையடித்திருக்கிறாய்.

நீ என் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தாய். அது புரிகிறது. புரிவதால்தான் இன்னும் எரிகிறது. உனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது, அதில் நான் வெளியாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அப்படி ஒன்றாவது உண்டா என்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். அவள் எனக்குத் தெரியாமல் செய்தது உண்டு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யாருக்கும் தெரியாமல் செய்தது ஒன்றும் அகப்படவில்லை.

இன்று பிற்பகல் ஐ.டி.ஐ.க்குப் போனேன். கிளார்க்கிடம் டி.சி. பற்றிக் கேட்டேன். "பதினெட்டு முடிஞ்சிடுச்சி சார், அவங்களே எழுதிக் குடுத்தா போதும், உடனே எடுத்துக் குடுத்துடறேன்" என்றார். இன்று வரை அவள் எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னார்.

வெளியே வரும்போது பட்டறை ஜன்னல் திறந்திருந்தது. நின்று பார்த்தேன். டீசல் மெக்கானிக் பிரிவில் முதலில் எஞ்சினைக் காட்ட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்து அரம் போடச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அதே கட்டி, அதே அரம். நான்கு பக்கமும் நேராக வரும் வரை வேறு வேலை கிடையாது. நித்யா தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியர் வந்தார். கட்டியை வாங்கி மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நடுவுல வெளிச்சம் வருது பாரு. மறுபடியும் போடு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன், கஜா. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பேன். பக்கத்து மேஜைப் பையன் ஒருவன், "மேடத்துக்குத்தான் காலேஜி கெடச்சிடுச்சாமே, எங்களுக்கு எப்ப டீ பார்ட்டி?" என்றான். அவள் நிமிரவே இல்லை. "உன் கட்டிய சாரு வாங்கிப் பாக்கட்டும், அப்புறம் நீயே பார்ட்டி குடுப்ப" என்றாள். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். அவள் மறுபடி அரத்தை எடுத்தாள்.

அந்தப் பேச்சு யாருடைய பேச்சு? என் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அந்தக் குரல் நெல்லித்தோப்பிலிருந்து வந்தது.

மணி அடித்ததும் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். உழவர்கரை வரும் வழியில் சிக்னலுக்குப் பக்கத்தில் கரும்புச் சாறு வண்டி ஒன்று நிற்கும். நிறுத்தி இரண்டு கிளாஸ் சொன்னேன்.

"நேத்து பஷீர் பாய் கடைக்குப் போயிருந்தேன்."

"தெரியும்பா. பாய் எஸ்.எம்.எஸ். பண்ணாரு."

எனக்கு முன்னால் செய்தி ஓடிப்போகிற இடம் இந்த ஊரில் உன் கடை ஒன்றுதான்.

"நான் வந்தா புஸ்தகத்த எடுத்து வெச்சிக்குவியாமே?"

அவள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாளு தலகீழாவே வெச்சிருந்தேன். நீங்க கவனிக்கவே இல்ல. ஊர்ல எல்லாரோட பொய்யையும் கண்டுபுடிக்கறீங்க."

"ஏன்டி அப்படி?"

"மாமா சொன்னாரு, 'உங்கப்பா பாத்தா ஒரு மாதிரி ஆயிடுவாரு'ன்னு. 'திட்டுவாரா'ன்னு கேட்டேன். 'திட்டினாத்தான் பரவாயில்லையே'ன்னாரு."

சாறு பிழிகிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே பேசினாள்.

"அம்மாகிட்ட மாமா சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்பா. எங்கிட்ட சொன்னதும் நெசம். அப்ப ரெண்டையும் எடுத்து ஓரமா வெச்சிடுவோம். நீங்க சொல்லுங்க. நான் எங்க போவட்டும்?"

இந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். கடையில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தவனுக்குத் தெரியாதா? கேள்வி வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லூரியில் துறைத் தலைவர் சொன்னதைச் சொன்னேன். பட்டறையில் உறை போட்ட எந்திரங்களைச் சொன்னேன். பி.இ. என்றால் பின்னால் மேலே படிக்கலாம் என்றேன். ஐ.டி.ஐ. முடித்தால் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், ஆனால் பெண்களை எடுப்பார்களா என்று நான் கேட்ட இடத்தில் நேரான பதில் வரவில்லை என்றேன். கடையை வைத்துப் பிழைக்கலாம் என்பதையும் விடவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டதா என்று மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

"நியூஸ் வாசிக்காதீங்கப்பா. நீங்க என்னா நெனைக்கறீங்க?"

"பி.இ.க்குப் போ."

"ஏன்?"

பொய் சொல்ல நிறையக் காரணங்கள் இருந்தன. எல்லாமே நல்ல காரணங்கள். "ஐ.டி.ஐ. முடிச்சிட்டு கடைக்கு வந்தன்னா, நீ எம்மாம் பெரிய ஆளா ஆனாலும் கஜா அக்கா பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. அத என்னால கேக்க முடியாது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "செத்துப்போனவர் மேலயாப்பா?"

"ஆமா."

"இன்ஜினியர் ஆனா ரிப்போர்ட்டர் பொண்ணுன்னு சொல்லுவாங்களா?"

பதிலையும் அவளே சொன்னாள். "அதுவும் சொல்ல மாட்டாங்க. ஏம்ப்பா, எனக்குன்னு ஒரு பேரு வெச்சீங்களே, அது என்னாத்துக்கு?"

சாறுக்காரர் கிளாஸுக்குக் கை நீட்டினார். அவள் மீதியைக் குடித்துக் கொடுத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள். "நாளைக்கி நான் பஸ்ல போயிக்கறேன். டி.சி. வாங்கறதுன்னாலும் நான்தான், வாங்காம வரதுன்னாலும் நான்தான். நீங்களும் அம்மாவும் அந்தப் பக்கமே வரக்கூடாது."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா என்ன ஆயிற்று என்று கேட்டாள். நாளைக்கு அவளே போய்க்கொள்வாள் என்றேன். "எந்தம்பி இருந்திருந்தா கையப் புடிச்சி இழுத்துகினு போயி சேத்திருப்பான்" என்றாள். நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். வாசல் வரை போய், "உனக்கு எது தோணுதோ அதான் சரி" என்று சொல்லிவிட்டு பக்கோடா வாங்கப் போயிருப்பாய். ஆனால் அதை நான் உன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளிடம் இருக்கிற கஜாவை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நாளை நித்யா கல்லூரிக்குப் போனால், தம்பி சொன்னபடியே நடந்தது என்று உன் அக்கா தெரு முழுக்கச் சொல்வாள். ஐ.டி.ஐ.யிலேயே இருந்துவிட்டால், கஜா கூப்பிட்டான், பெண் வந்துவிட்டது என்று பஷீர் பாய் வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொல்வார். எப்படிப் போனாலும் பெயர் உனக்கு. நான் சொன்னது ஒரே ஒரு பக்கம். அது பாதி வாய்ப்புதான். செத்தவனுக்கு இவ்வளவு வசதி இருப்பது நியாயமா?

ஒன்று மட்டும் என் கையில் இருக்கிறது. அவள் என்னைக் கேட்டாள். நீ, உன்னை யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாய். என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். இதை இரண்டாவது ஆளிடம் உறுதிசெய்ய வழியில்லை. சாறுக்காரர் பக்கத்திலேயே இருந்தார், ஆனால் அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீ நம்பித்தான் ஆக வேண்டும்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அவள் எந்த வாசலிலிருந்து வீடு திரும்பினாலும், யார் வந்து கேட்டாலும், நித்யா முடிவு செய்தாள் என்று மட்டும்தான் சொல்வேன். வீட்டிலும் சரி, உன் கடையிலும் சரி, அதில் உன் பெயரைச் சேர்க்க யாரையும் விடமாட்டேன். என் பெயரையும் சேர்க்க மாட்டேன். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம்.

எந்த வாசல் என்பது இந்தக் கடிதத்தை முடிக்கும் வரை தெரியவில்லை. அவள் வாய் திறக்கவில்லை, சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெரியும்.

உன் அக்காவைக் கட்டியதால் உனக்கு மாமா ஆனவன்,
தணிகாசலம்
உழவர்கரை